வெப்பமண்டலக் காட்டின் கார்பன்: டேப்பா, சருகு வலையா, கோபுரமா?

மழைக்காடு ஒன்றில் ஆய்வு நடத்த அனுமதி கிடைத்துவிட்டது. கையில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கான பணம் இருக்கிறது. அந்தக் காடு எவ்வளவு கார்பனை உள்ளே இழுக்கிறது, எவ்வளவை வெளியே விடுகிறது என்று அளக்க வேண்டும். பணத்தை எதில் போடுவது?

இந்த இடத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் கருவியின் பெயரை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது காட்டுக்கு மேலே நின்று காற்றில் கார்பனை அளக்கும் கோபுரம், அல்லது லேசர். எதை அளக்கப் போகிறோம் என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஏன் என்று புரிய, முதலில் எண்களின் அளவைப் பார்த்துவிடலாம்.

ஈரமான அமேசான் காட்டில் ஒரு ஹெக்டேர் நிலம் ஓராண்டில் ஒளிச்சேர்க்கை மூலம் ஏறக்குறைய 30 டன் கார்பனை இழுக்கிறது. பிரேசிலில் மனாஸ், தபஜோஸ், கஷியுவானா ஆகிய மூன்று இடங்களில் நடந்த அளவீடுகள் இந்த வட்டாரத்தில்தான் நிற்கின்றன. இதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மரங்களே சுவாசித்துத் திருப்பி விட்டுவிடுகின்றன. மிஞ்சும் 10 முதல் 14 டன் வரை இலையாகவும் கட்டையாகவும் வேராகவும் ஆகிறது. அதுவும் நிலைப்பதில்லை. இலை சில மாதங்களில் மட்கிப் போகும், அடிமரம் பல பத்தாண்டுகள் கழித்து விழுந்து மட்கும். எல்லாம் போக, காட்டில் கூடுதலாகத் தங்குவது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு அரை டன் சுமார். சில காடுகளில் அதுவும் கிடையாது.

30 டன் உள்ளே, 29.5 டன் வெளியே. இரண்டையும் தனித்தனியே அளந்து கழித்தால் மிச்சம் கிடைத்துவிடும் என்று நினைப்பது, சம்பளத்தையும் செலவையும் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு சேமிப்பைப் பைசா சுத்தமாகச் சொல்வது போலத்தான். 30 டன்னில் 5 சதவீதம் பிழை என்றால் 1.5 டன். நாம் தேடும் எண்ணைப் போல அது மூன்று மடங்கு. எந்த முறையின் தலையெழுத்தும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

டேப்பும் பெயிண்டும்

மிகப் பழைய முறை இதுதான். ஒரு ஹெக்டேர் நிலத்தை அளந்து, 20க்கு 20 மீட்டர் கட்டங்களாக 25 துண்டு போட்டு, 10 செ.மீ. விட்டத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு அடித்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே மரத்தை, அதே இடத்தில் மீண்டும் அளப்பார்கள். செத்தது எது, புதிதாக 10 செ.மீ. எட்டியது எது என்று குறிப்பார்கள். அமேசானில் ரெயின்ஃபோர் வலையமைப்பு இப்படித்தான் இயங்குகிறது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்தில் போட்ட 50 ஹெக்டேர் நிலத்தில் 1 செ.மீ. தண்டு வரை எண்ணுகிறார்கள்.

சுற்றளவை எடையாக மாற்ற ஒரு சமன்பாடு வேண்டும். ஜெரோம் ஷாவ் குழு 2014-ல் வெளியிட்டதைத்தான் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். 58 இடங்களில் வெட்டி எடை பார்த்த 4,004 மரங்களிலிருந்து வந்தது அது. விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி மூன்றையும் கேட்கும். 60 செ.மீ. விட்டம், 35 மீட்டர் உயரம், கன செ.மீ.க்கு 0.6 கிராம் அடர்த்தி உள்ள ஒரு மரத்தை அதில் போட்டால் ஏறக்குறைய 3.9 டன் உலர் எடை வருகிறது. கார்பன் என்று பார்த்தால் 1.8 டன்.

இதே மரத்தை அளக்கும்போது டேப் கொஞ்சம் சாய்ந்து, 60-க்குப் பதில் 61 என்று விழுந்தால்? எடையில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும், கார்பனில் சுமார் 60 கிலோ. அப்படி ஒரு மரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும் என்று வைத்துக்கொண்டால், டேப்பின் ஒரே ஒரு சாய்வு பல ஆண்டு வளர்ச்சியை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் அளந்த இடத்தில் பெயிண்ட் கோடு. அதனால்தான் எண் தகட்டின் ஆணியை அளவுக் கோட்டிலிருந்து 30 செ.மீ. மேலே அடிக்கிறார்கள், ஆணி அடித்த இடத்தில் மரம் வீங்கும், அந்த வீக்கத்தையே வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது. பலகை வேர் உள்ள மரத்தில் வேர் முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே ஏறி அளக்க வேண்டும், அதற்கு ஏணி தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடுத்த முறை வரும்போது பலகை வேர் இன்னும் மேலே ஏறியிருக்கும். அப்போது பழைய இடம், புதிய இடம் இரண்டிலும் அளந்து வைப்பதுதான் ஒழுங்கு.

உயரம் தனித் தலைவலி. அடர்ந்த காட்டில் மர உச்சியைக் கீழிருந்து பார்க்கவே முடியாது. ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு. உயரத்தில் 10 சதவீதம் தவறினால் மொத்த இருப்பும் ஏறக்குறைய அவ்வளவு தவறும், வளர்ச்சியும் அதே விகிதத்தில் மட்டுமே தவறும். ஒவ்வொரு முறையும் அதே உயரச் சமன்பாட்டைப் பயன்படுத்தினால், வளர்ச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு கெடாது. சுற்றளவுப் பிழை அப்படியில்லை, அது அந்தந்தத் தடவை அளக்கும் வளர்ச்சியில் நேரடியாக உட்கார்ந்துகொள்ளும். ஆட்களின் நேரம் குறைவு என்றால் உயரத்தில் கஞ்சத்தனம் காட்டலாம், டேப்பில் காட்டக் கூடாது.

இப்போது இந்த முறையின் பெரிய ஓட்டைக்கு வருவோம். ஒரு ஹெக்டேரில் 500, 600 மரங்கள் இருக்கும். ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சாகும். மேலே கணக்குப் போட்ட அந்த 1.8 டன் மரம் ஒன்று மட்டும் விழுந்தால், அரை டன் வீதம் மூன்று ஆண்டுக்கு மேல் சேர்ந்த மிச்சம் கரைந்துவிடும். பெரிய மரம் விழுவது அடிக்கடி நடக்காது. ஆனால் நடந்தால் கணக்கையே புரட்டிவிடும். ஆகவே ஒரே ஒரு ஹெக்டேரை வைத்துக்கொண்டு "இந்தக் காடு கார்பனைச் சேர்க்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நிறைய நிலங்கள் வேண்டும், நிறைய ஆண்டுகளும் வேண்டும். அமேசான் காட்டின் உறிஞ்சும் வேகம் குறைந்துவருகிறது என்று 2015-ல் சொன்ன ஆய்வுக்குப் பின்னால் 321 நிலங்கள் இருந்தன. 2020-ல் ஆப்பிரிக்கக் காடுகளைப் பற்றிய ஆய்வில் 11 நாடுகளின் 244 நிலங்கள். அங்கே 2015 வரையான மூன்று பத்தாண்டுகளில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 0.66 டன் என்ற எண் வந்தது. ஒரு மேலை நாட்டுப் பல்கலைக்கழகம் தனியே செய்து முடிக்கிற வேலை இல்லை இது. பல நாட்டுத் தாவரவியலாளர்களும் மரம் ஏறுபவர்களும் தலைமுறையாகச் செய்த வேலை. அவர்களில் பலரின் பெயர் கட்டுரையின் கடைசிப் பத்தியில்கூட வருவதில்லை என்பது வேறு கதை.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. உயர்ந்து, ஓங்கி, அழகாக நிற்கும் துண்டைப் பார்த்தால் அங்கேயே கயிறு கட்டத் தோன்றும். போன ஆண்டு காற்றில் சாய்ந்த திட்டு யாருக்கும் பிடிக்காது. ஆனால் காடு என்பது இரண்டும் சேர்ந்தது. கட்டங்களைச் சீட்டுப் போட்டு எடுத்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

சருகு வலை, இரும்புப் பட்டை, வேர் உருளை

டேப் முறை கட்டையை மட்டும் பார்க்கிறது. கட்டைக்குப் போவது மொத்த உற்பத்தியில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் இலைக்கும் நுண்வேருக்கும் கிளைக்கும் போகிறது. இவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றால், அதே ஒரு ஹெக்டேரில் இன்னும் பல பொருட்களை நட்டு வைக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் யாட்விந்தர் மால்ஹி முன்னெடுத்த ஜெம் வலையமைப்பு இந்த வழியை ஒரு செய்முறைக் கையேடாகவே எழுதி வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த முறை இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

25 கட்டங்களின் நடுவிலும் ஒரு சருகு வலை. அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அடியில் நைலான் வலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விழுந்ததை அள்ளி, இலை, சுள்ளி, பூ, காய் என்று பிரித்து, அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். 25 வலையும் சேர்ந்து 6.25 சதுர மீட்டர்தான், 10,000-இல் அவ்வளவுதான் பார்க்கிறோம். ஆனாலும் சருகு ஓரளவு சீராக விழுவதால் இது போதுமானதாக இருக்கிறது. ஒரு வலையில் இரண்டு வாரத்தில் சராசரியாக 10 கிராம் உலர் சருகு விழுகிறது என்றால், ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 10 டன்னுக்குக் கொஞ்சம் மேல். கார்பனில் ஏறக்குறைய பாதி. வலையில் ஒரு கிராம் கூடக் குறைய ஆனால் ஹெக்டேரில் அரை டன் கார்பன் ஆடுகிறது. உலர்த்தும் அடுப்பில் அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

வலைக்குள் அடங்காதவையும் உண்டு. பனை வகை மரத்தின் மட்டை அந்தச் சட்டத்தில் உட்காராது, தரையில் தனியே எண்ண வேண்டும். 2 செ.மீ.க்கு மேல் தடித்த கிளைகளுக்கு வேறு பாதை போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடந்து பொறுக்க வேண்டும். புழு தின்றுவிட்ட இலை எதிலும் விழாது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் வலையிலேயே மட்கத் தொடங்கிவிடும். காட்டு வழியில் வெள்ளம் என்று ஒரு சுற்றைத் தவறவிடும் குழுவுக்கு இந்த முறை ஒத்துவராது.

மரத்தின் இடுப்பில் துருப்பிடிக்காத இரும்புப் பட்டை, அதில் ஒரு சுருள்வில். மரம் பருக்கப் பருக்க இடைவெளி விரியும். விட்டத்தில் 2 மி.மீ. கூடினால் இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் கூடும், வெர்னியர் காலிபரால் எளிதாகப் படிக்கலாம். டேப் சில ஆண்டுக்கு ஒருமுறை சொல்வதை இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லும். ஒரு சிக்கல்: கோடையில் மரம் நீர் இழந்து சுருங்கும், முதல் மழைக்கு உப்பும். அந்த உப்பலை வளர்ச்சி என்று படித்துவிடுவது எளிது. கோடை மாதங்களில் வளர்ச்சி "எதிர்மறை" என்று காட்டும் வரைபடங்களைப் பார்த்தால் இது நினைவில் இருக்கட்டும்.

வேர்தான் பொறுமையைச் சோதிக்கும். வேர் நீக்கிய மண்ணை வலை உருளையில் அடைத்துத் தரையில் இறக்கி, மூன்று மாதம் கழித்து எடுத்து, அதற்குள் புதிதாக வளர்ந்த நுண்வேர்களைக் கையால் பொறுக்க வேண்டும். எல்லா வேரையும் யாராலும் பொறுக்கி முடிக்க முடியாது. அதனால் பத்துப் பத்து நிமிடமாக நான்கு சுற்று பொறுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்தது எப்படிக் குறைகிறது என்ற வளைகோட்டை வைத்து, இன்னும் பொறுக்கியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நீட்டிப் பார்க்கிறார்கள். கேட்கும்போது கைமருத்துவம் போல இருக்கும், ஆனால் வெவ்வேறு ஆட்கள் பொறுக்கினாலும் ஒப்பிடக்கூடிய எண் வருவதற்கு இதுவே வழி.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்? 2010-இல் அமேசானைக் கடும் வறட்சி தாக்கியது. இந்த மாதிரி நிலங்களில் பார்த்தபோது ஒளிச்சேர்க்கை இறங்கியிருந்தது, ஆனால் இலை, கட்டை, வேர் எல்லாவற்றிலும் சேர்ந்த வளர்ச்சி இறங்கவில்லை. மரங்கள் தங்கள் பராமரிப்புச் சுவாசத்தைக் குறைத்துக்கொண்டு வளர்ச்சியைக் காப்பாற்றியிருந்தன; அதற்கான விலையை அடுத்த ஆண்டுகளில் கூடுதல் மரங்கள் செத்துக் கொடுத்தன. டேப் மட்டும் இருந்திருந்தால், வறட்சி ஆண்டில் காடு சுகமாக இருந்தது என்று எழுதியிருப்பார்கள்.

போர்னியோவில் மரம் வெட்டிய காடுகளைப் பற்றிய கதை இதைவிட அழுத்தமானது. வெட்டிய பிறகு வெளிச்சம் கிடைத்து மிச்ச மரங்கள் வேகமாக வளர்கின்றன. டேப் வைத்தவர் இதை உறிஞ்சும் காடு என்பார். ஆனால் மண்ணிலிருந்தும் செத்த கட்டையிலிருந்தும் வருவதையும் சேர்த்து அளந்தபோது, மிதமாக வெட்டிய காடு ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 1.75 டன்னும், கடுமையாக வெட்டிய காடு 5 டன்னுக்கு மேலும் கார்பனை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. 2023-இல் வெளியான ஆய்வு இது. அதே வட்டாரத்தில் நின்ற கோபுரமும் காடு கார்பனை விடுகிறது என்றே சொன்னது.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். உற்பத்தி, சுவாசம் எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒளிச்சேர்க்கையைக் கண்டுபிடிக்கிறது, நேரடியாக அளப்பதில்லை. இலைச் சுவாசமும் தண்டுச் சுவாசமும் சில அளவீடுகளிலிருந்து முழு ஹெக்டேருக்கு நீட்டப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு ஹெக்டேருக்கு இந்த உழைப்பு தேவைப்படுவதால், பத்து நிலம் வைப்பது பெரும்பாலான குழுக்களுக்குக் கட்டாது.

மண்ணின் மூச்சு

ஈரமான வெப்பமண்டலக் காட்டு மண் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் கார்பனை வெளியே விடுகிறது. மொத்தக் கணக்கில் இவ்வளவு பெரிய ஒற்றை வரவோ செலவோ அதிகம் இல்லை. அதனால் எந்தத் திட்டத்திலும் இதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூன்று வழிகள். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பை மண்ணின் மேல் மூடிய ஒரு கலனுக்குள் ஒரு நாள் வைத்து, எவ்வளவு எடை கூடுகிறது என்று பார்ப்பது மிக மலிவு. மின்சாரம் வேண்டாம், காட்டுக்குள் எங்கும் வைக்கலாம். ஆனால் மண் வேகமாக மூச்சு விடும் இடங்களில் குறைத்துக் காட்டும். இரண்டாவது, கையில் தூக்கிப் போகும் அகச்சிவப்பு வாயு ஆய்வுக் கருவி. மண்ணில் முன்பே பதித்த பிவிசி வளையத்தின் மேல் கலனைக் கவிழ்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தானாகத் திறந்து மூடும் கலன்கள். இரவு பகல் பாராமல் அளக்கும்.

தானியங்கிக் கலனைப் பார்த்ததும் அதுதான் சிறந்தது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெப்பமண்டலக் காட்டின் நிழலில் மண்ணின் வெப்பநிலை நாள் முழுக்கப் பெரிதாக மாறாது. ஆனால் அடுத்தடுத்த இரண்டு அடி தூரத்தில் மண் மூச்சு பல மடங்கு வேறுபடும், கரையான் புற்றோ இலைவெட்டி எறும்புக் கூடோ இருந்தால் கேட்கவே வேண்டாம். நேரத்தைவிட இடம்தான் அதிகம் ஆடுகிறது. அப்படியென்றால் நான்கு தானியங்கிக் கலனைவிட, ஒரு கைக்கருவியோடு 25 வளையத்தைச் சுற்றி வருவது நல்லது. மழை வந்த மறுநாள் யாரும் காட்டுக்குள் போக விரும்ப மாட்டார்கள், ஆனால் மண் திடீரென்று மூச்சை அவிழ்த்து விடுவது அன்றைக்குத்தான் என்பதால், சுற்று நாட்களை முன்கூட்டியே குறித்துவிட்டு, மழையானாலும் வெயிலானாலும் அந்த நாளில் போவது அவசியம்.

வளையத்தை ஆழமாகக் குத்தினால் வேர் அறுபடும். மேலோட்டமாக வைத்தால் காற்று ஒழுகும். ஒவ்வொரு முறையும் வளையத்துக்குள் மண் மட்டத்திலிருந்து விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்து எழுத வேண்டும். சருகு சேரச் சேர உள்ளே இருக்கும் காற்றின் கன அளவு குறைகிறது, அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எண் கூடித் தெரியும். வேரின் மூச்சு எது, நுண்ணுயிரின் மூச்சு எது என்று பிரிக்க, சில வளையங்களைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வேரைத் துண்டிப்பார்கள். வெட்டிய வேரே மட்கி மூச்சு விடும் என்பதால் முதல் சில மாத எண்களை நம்பக் கூடாது.

கோபுரம்

காட்டு உச்சிக்கு மேலே 10, 20 மீட்டர் உயர்ந்து நிற்கும் கோபுரம். அதில் காற்றின் வேகத்தை மூன்று திசையிலும் நொடிக்கு 10 அல்லது 20 தடவை அளக்கும் ஒலிக் காற்றுமானி, பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி. மேலே போகும் காற்றுச் சுழலில் கார்பன் கூடவா, கீழே வரும் சுழலில் கூடவா என்று அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டால், காடு மொத்தமாக இழுக்கிறதா விடுகிறதா என்று தெரியும். ஆண்டுக்கு 17,520 அரை மணி நேரங்கள். மேகம் மறைத்தால் என்ன ஆகிறது, மதிய வெப்பத்தில் இலைகள் வாயை மூடுகின்றனவா, கோடை தொடங்கிய வாரத்தில் என்ன மாறுகிறது? இந்தக் கேள்விகளுக்கு இதைவிட நல்ல முறை எதுவும் இல்லை. தபஜோஸ் காட்டில் மழைக்காலத்தில் காடு கார்பனை விட்டதும், வறண்ட காலத்தில் இழுத்ததும் கோபுரத்தால்தான் தெரியவந்தது; அன்றைய கணினி மாதிரிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஆண்டுக் கணக்கு என்று வந்தால் கதை மாறுகிறது. இரவில் காற்று அசையாமல் நின்றுவிடும். மண்ணும் மரமும் விட்ட மூச்சு மேலே ஏறாமல் உச்சிக்குக் கீழேயே தங்கும், அல்லது சரிவு இருந்தால் பக்கவாட்டில் வழிந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடும். கோபுரத்துக்கு அது தெரியாது. பகலின் உறிஞ்சலை முழுதாகப் பார்த்து, இரவின் மூச்சைப் பாதியாகப் பார்த்தால் எந்தக் காடும் பெரிய உறிஞ்சியாகத்தான் தெரியும். மனாஸ் அருகே 1990களில் நின்ற ஒரு கோபுரம் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 5.9 டன் என்றது. சுற்றியுள்ள நிலங்களில் டேப் சொன்னது அதில் பத்தில் ஒரு பங்கு அளவு. அந்த வட்டாரம் மேட்டு நிலமும் பள்ளமும் மாறி மாறி வரும் இடம். குளிர்ந்த இரவுக் காற்று கார்பனோடு பள்ளத்துக்கு இறங்குவதைப் பின்னர் அளந்தே காட்டினார்கள். தபஜோஸின் இன்னொரு கோபுரத்தில், காற்று அசையாத இரவுகளின் எண்களை விலக்கிவிட்டு மற்ற இரவுகளை வைத்து நிரப்பியபோது, பெரிய உறிஞ்சல் ஏறக்குறைய காணாமலே போனது. எந்த இரவை விலக்குவது என்ற ஒரு முடிவு, பதிலின் குறியையே மாற்றும் வலிமை கொண்டது.

இது போகக் கோபுரத்துக்கு ஓயாத பராமரிப்பு. திறந்த வகைக் கருவி மழையில் குருடாகும். மூடிய வகைக்குப் பம்பும் மின்சாரமும் வேண்டும். இடி விழும், குளவி கூடு கட்டும், கம்பியைக் கரையானும் எலியும் பதம் பார்க்கும். உச்சிக்குக் கீழே பல உயரங்களில் கார்பன் அளவைத் தனியே எடுத்தால்தான், இரவில் தேங்கி நிற்பதைக் கணக்கில் சேர்க்க முடியும். பணம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அதுதான். அதை வெட்டிவிட்டுக் கோபுரம் வைப்பதில் பொருளில்லை. சமதளமான, பல நூறு மீட்டருக்கு ஒரே மாதிரியான காடு கிடைத்து, கருவியோடு வாழத் தயாரான ஒரு தொழில்நுட்பரும் கிடைத்து, பத்து ஆண்டு பணமும் உறுதியானால் கோபுரம் அருமையான முதலீடு. மூன்று ஆண்டுத் திட்டத்தில், முதல் ஆண்டு நிறுத்துவதிலும் இரண்டாம் ஆண்டு சரிசெய்வதிலும் போய்விடும்.

லேசர்

லேசர் ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடாரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் சுழற்சியை அது அளப்பதில்லை, இருப்பைத்தான் அளக்கிறது. தரையில் வைத்துச் சுழலும் லேசர், ஒரு பெரிய மரத்தை வெட்டாமலேயே அதன் கன அளவைச் சொல்லிவிடும். சமன்பாட்டை நம்ப முடியாத ராட்சத மரங்களுக்கு இது வரப்பிரசாதம். விண்வெளி நிலையத்தில் 2018 டிசம்பரில் ஏறிய கெடி என்ற லேசர் கருவி 25 மீட்டர் வட்டங்களாகக் காட்டின் உயரத்தை எடுக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பயோமாஸ் செயற்கைக்கோள் 2025 ஏப்ரலில் ஏவப்பட்டது, அது ரேடார். இவை எல்லாவற்றுக்கும் உரைகல் தரையில் டேப் வைத்து அளந்த நிலம்தான். நிலம் இல்லாமல் லேசர் வாங்குவது வீண். நிலம் இருந்தால் லேசரை வாங்காமல், சில வாரத்துக்கு இரவல் வாங்கினாலே போதும்.

சரி, எதற்கு எது?

காடு பல ஆண்டுகளில் கார்பனைச் சேர்க்கிறதா இழக்கிறதா என்பது உங்கள் கேள்வி என்றால், டேப். ஆனால் ஒரு நிலம் போதாது. பழைய நிலங்கள் யாரிடமாவது இருந்தால் அவர்களோடு சேர்ந்து அவற்றை மீண்டும் அளப்பது, புதிதாகப் பத்து நிலம் போடுவதைவிட லாபம். பத்தாண்டு முன் அளந்த ஒரு நிலம், நீங்கள் போன அன்றே பத்தாண்டுத் தகவலைக் கொடுத்துவிடுகிறது. இதில் அரிதான "கருவி" டேப் இல்லை. இலை, பட்டை, பால், மணம் பார்த்து இனத்தைச் சொல்லக்கூடிய ஆள்தான். கட்டையின் அடர்த்தி இனத்தோடு ஒட்டியது, உலகத் தரவுத்தளத்தில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்களின் அடர்த்தி இருக்கிறது, ஆனால் பெயர் தெரியாத மரத்துக்கு அதில் இடமில்லை. பட்ஜெட்டில் அந்த ஆளுக்கு முதலில் சம்பளம் எழுதுங்கள்.

வறட்சி, வெட்டு, கடல் மட்டத்திலிருந்து உயரம், மண் வகை போன்ற ஏதோ ஒன்று கார்பனின் பாதையை எப்படி மாற்றுகிறது என்பது கேள்வி என்றால், வலையும் பட்டையும் வேர் உருளையும் மண் வளையமும் கொண்ட ஹெக்டேர்கள், ஒப்பிட வசதியாக ஒவ்வொரு வகையிலும் குறைந்தது இரண்டு மூன்று. மூன்று, நான்கு ஆண்டுத் திட்டத்துக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். பணத்தில் பெரும்பகுதி உள்ளூர் ஆட்களின் சம்பளமாகப் போகும், கருவிக்குப் போகாது. ஒரு கருவி கெட்டாலும் ஒரு துண்டுதான் போகும், முழுத் திட்டமும் படுத்துவிடாது. நிகர மிச்சத்தை அரை டன் துல்லியத்தில் தருவேன் என்று மட்டும் நிதி தருபவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மணிக்கணக்கில், நாள்கணக்கில் காடு எப்படி நடந்துகொள்கிறது என்பது கேள்வி என்றால், கோபுரம். பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று நின்றால், புதிதாக ஒன்று கட்டாமல் அதன் காலடியில் உங்கள் ஹெக்டேர்களைப் போடுங்கள். கோபுரம் பார்க்கும் பரப்பு காற்றின் திசையைப் பொறுத்தது. ஆண்டின் பெரும்பகுதி காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்தில் நிலம் இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கோபுரத்தின் இரவையும் நிலத்தின் செத்த கட்டையையும். செத்த கட்டையை அளக்க மறக்கும் குழுக்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம். நேர்க்கோடு போட்டு, அது வெட்டிச் செல்லும் விழுந்த கட்டைகளின் விட்டத்தை எடுத்தாலே கணக்கு வந்துவிடும்.

எந்த வழியில் போனாலும், வேலையை எந்த வரிசையில் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். இரும்புப் பட்டை முதல் ஓராண்டுக்கு மரத்தோடு ஒட்டி உட்காரும், அதுவரை வளர்ச்சியைக் குறைத்துக் காட்டும். மண் வளையத்துக்குச் சில வாரம் ஆறப்போட வேண்டும். வேர் உருளையின் முதல் சுற்றில், வெட்டுப்பட்ட வேர் காயத்துக்குப் பதிலாக அள்ளித் தளிர்க்கும், அதையும் தள்ள வேண்டியிருக்கும். சருகு வலை மட்டும் கட்டிய அன்றிலிருந்தே உண்மையைப் பேசும். ஆகவே காட்டுக்குள் போகும் முதல் சுமையில் பட்டைகளும் சுருள்வில்லும் இருக்கட்டும், அதற்கடுத்து வளையங்களும் உருளைகளும். வலைச் சட்டம் கடைசியாக வந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது.